சிவப்புப் பூ ஜட்ரோஃபா: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சார், பேர் தெரியாமல் ஒரு செடி வாங்கினேன். கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ, ஐந்து இதழ். ஒரு கிளையில் இலை முழுசாக இருக்கிறது, அடுத்த கிளையில் மூன்று மடலாகப் பிரிந்திருக்கிறது. ஒட்டுச்செடியா?

பதில்: ஒட்டெல்லாம் இல்லை, இந்தச் செடியின் குணமே அதுதான். பேர் ஜட்ரோஃபா இன்டெஜெரிமா, கியூபா பக்கத்துச் செடி, ஆமணக்குக் குடும்பம். ஒரே செடியில் நீள்வட்ட இலை, இடுப்பு ஒடுங்கிய இலை, மூன்று மடல் இலை எல்லாம் வரும், அதனால் இலையை மட்டும் வைத்துப் பேர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கொத்தின் கவட்டை நடுவில் இருக்கும் பூவை உற்றுப் பாருங்கள், அதற்குள் பச்சைச் சூலகம் தெரிந்தால் அது பெண் பூ. சுற்றிலும் மஞ்சள் மகரந்தத்தோடு நிறைய இருப்பவை ஆண். பெண் பூ முதலில் மலரும். காய் மூன்று அறையாகப் பிரிந்திருக்கும். இவ்வளவும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் இருப்பதும் ஜட்ரோஃபாதான் என்கிறார்கள், ஆனால் அடித்தண்டு குடம் மாதிரி வீங்கியிருக்கிறதே?

பதில்: அது பொடாக்ரிகா, அதே இனத்தில் வேறு வகை. இதோடு இன்னும் மூன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். இலை விரல் விரலாக ஆழமாகப் பிளந்து, பவளக் கொத்து மாதிரி பூத்தால் மல்டிஃபிடா. இளந்தளிர் செம்பழுப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் காசிப்பிஃபோலியா. பூ பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் நம் காட்டாமணக்கு.

கேள்வி: வருடம் முழுக்கப் பூக்கிறது, காய் மட்டும் இல்லை. ஜோடிக்கு இன்னொன்று வைக்க வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம், ஆணும் பெண்ணும் ஒரே செடியிலேயே இருக்கிறதே. ஆனால் பெண் பூ எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு, வண்ணத்துப்பூச்சியோ தேனீயோ வராத இடத்தில் அதுவும் வீணாகிவிடும். வாடிய கொத்துகளை உடனே வெட்டிவிடும் பழக்கம் இருந்தால் காய்க்கு வாய்ப்பே கிடையாது! காய் பிடித்தால் முற்றும்போது மெல்லிய துணிப்பை கட்டிவையுங்கள், காய்ந்ததும் வெடித்து விதை தெறித்துவிடும்.

கேள்வி: குச்சி நட்டால் அழுகிப் போகிறது.

பதில்: வெட்டியதும் ஈரத்தோடு நடுகிறீர்களோ என்னவோ. பென்சில் கனத்தில், பச்சையுமில்லாமல் முழுக்க மரமாகவும் ஆகாமல் இருக்கிற கிளையில் ஒரு சாண் வெட்டி, வெட்டுவாயை ஒருநாள் நிழலில் உலரவிட்டு, மணல் நிறையக் கலந்த மண்ணில் வையுங்கள். பெரிய இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அப்புறம் தினமும் ஊற்றாதீர்கள், மண் காயக் காய ஊற்றினால் போதும். அதே நிறப் பூதான் வேண்டுமென்றால் விதையைவிடக் குச்சிதான் நம்பகம்.

கேள்வி: இலை செழிப்பாக இருக்கிறது, பூ இல்லை.

பதில்: வெயில் போதவில்லை, இல்லையென்றால் தழைச்சத்து அதிகம். யூரியாவை நிறுத்துங்கள். புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும் என்பதால் லேசாக நுனி கிள்ளினால் கிளை பெருகும், பூவும் பெருகும்.

கேள்வி: மரமாக வளர்க்க முடியுமா அக்கா என்று கேட்டால் எல்லாரும் புதர்ச்செடி என்கிறார்கள்.

பதில்: அண்ணா என்று கேட்டாலும் முடியும்! சின்னதிலேயே ஒரு தண்டை மட்டும் வைத்து, அடியில் வரும் கிளைகளை எடுத்துக்கொண்டே வந்தால் இரண்டு ஆள் உயரத்துக்குக் குட்டி மரமாக நிற்கும். நேர்த் தண்டு வேண்டுமென்றால் முதலில் ஒரு குச்சியில் கட்டிவையுங்கள்.

கேள்வி: வீட்டில் குழந்தை இருக்கிறது. விஷமா?

பதில்: ஆமாம், எல்லாப் பாகமும், குறிப்பாக விதை. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. குழந்தை வாயில் போட்டுவிட்டது என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். குழந்தை வளரும்வரை காய் பிடிக்காமல் கொத்துகளை வெட்டிவிடுங்கள். வெட்டும்போது பால் பட்டால் சிலருக்குத் தோல் எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி?

பதில்: மாவுப்பூச்சி. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடியுங்கள். எறும்பு ஏறுவதையும் நிறுத்துங்கள், அதுதான் பூச்சிக்குக் காவல்.