வெளுத்துப்போன பம்பர், வறண்டுபோன பீடிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் காரை நிழலில் நிறுத்த வசதியில்லை. கறுப்பு பம்பர் சாம்பல் பூத்துவிட்டது. பாலிஷ் போட்டால் பளபளக்கிறது. இரண்டு மழைக்குப் பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. நீடித்து நிற்கும் வழி உண்டா?

பதில்: உண்டு. பெயின்ட் அடிக்காத கறுப்பு பம்பரும் சக்கர வளைவையொட்டி வரும் கிளாடிங் என்னும் பட்டையும் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் கலவையால் ஆனவை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதன் மேற்பரப்பைச் சிதைத்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒளி சிதறுவதால்தான், உள்ளே கறுப்பு அப்படியே இருந்தும் வெளியே சாம்பலாகத் தெரிகிறது. சாதாரண சிலிக்கோன் பாலிஷ் அந்த வெடிப்புகளை நிரப்பி மறைக்கிறதே தவிர பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்வதில்லை, எனவே மழையோடு போய்விடுகிறது. டிரிம் எனப்படும் இத்தகைய பிளாஸ்டிக் பாகங்களுக்கென்றே விற்கப்படும், பூசியபின் காய்ந்து இறுகும் கோட்டிங்கை வாங்குங்கள். அது மாதக்கணக்கில் நிற்கும்.

ஆனால் பலனில் பெரும்பங்கு கோட்டிங்கைவிடச் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. கார் ஷாம்புவும் நைலான் பிரஷும் கொண்டு சொரசொரப்பின் குழிகளுக்குள் படிந்த அழுக்கை எடுத்துக் கழுவி, காயவைத்து, சமஅளவு தண்ணீர் கலந்த ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாகத் திரண்டால் பழைய பாலிஷ் இன்னும் இருக்கிறது என்று பொருள், படலமாகப் பரவினால் பரப்பு தயார். அது முழுவதும் உலர்ந்தபின், பக்கத்துப் பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், பம்பர் சூடில்லாதபோது, சிறு சிறு பகுதியாக மெல்லிசாகப் பூசி, மிகுதியை உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். ஒருநாள் தண்ணீர் படாமல் இருப்பது நல்லது. கண்ணில் படாத ஓரிடத்தில் முதலில் சோதித்துப் பார்க்காமல் முழு பம்பரில் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: ஹீட் கன் காட்டினால் பம்பர் உடனே கறுப்பாகிவிடுகிறது என்கிறார்களே?

பதில்: ஆகும், மேற்பரப்பு இளகி வெடிப்புகள் மூடிக்கொள்வதே காரணம். பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஹீட் கன்னின் காற்றோ 500 டிகிரியைத் தாண்டக்கூடியது. ஒரே இடத்தில் சற்றுக் கூடுதலாக நின்றால் சொரசொரப்பு வழவழப்பாகிவிடும், அதை மீட்க வழியில்லை. வெயிலைத் தாங்கும் சக்தியும் இதனால் கூடுவதில்லை என்பதால் மீண்டும் வெளுக்கும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பம்பரில் வாக்ஸ் பட்ட இடங்களில் வெள்ளைத் திட்டுகள் போகவில்லை.

பதில்: அதே ஆல்கஹாலைப் பழைய பல்துலக்கும் பிரஷில் தொட்டுத் தேயுங்கள். பிடிவாதமான திட்டுக்குப் பென்சில் ரப்பர் போதும்.

கேள்வி: கதவு ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங் காய்ந்துவிட்டது. மெக்கானிக் டீசல் தடவச் சொல்கிறார். வீட்டில் தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். கதவு பீடிங் பொதுவாக ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர். வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும் அது, டீசல், மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலிய எண்ணெய்களில் ஊறிப் பருத்துத் தளர்ந்துவிடும். தடவிய அன்று மெத்தென்று இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறோம், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் புழுதியைச் சேர்த்துப் பிசுபிசுக்கும். அந்தப் புழுதி கதவு மூடும்போதெல்லாம் பெயின்ட்டை உரசும். ஷாம்பு நீரில் துடைத்து, உலர்த்தி, சிலிக்கோன் கிரீஸைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவுங்கள். வளைத்தால் வெடிக்கும் அளவுக்கு இறுகிய பீடிங்கை எந்தப் பூச்சும் மீட்காது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டயரின் பக்கவாட்டு பழுப்பாகிறது. தரமில்லாத டயரா?

பதில்: இல்லை. ஓசோனால் ரப்பர் வெடிக்காதிருக்க டயரில் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்ல மேலே கசிந்து காற்றுப் பட்டுப் பழுப்பாகிறது. ஷாம்புவும் பிரஷும் போதும். டயர் பாலிஷ் போடுவதென்றால் பக்கவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாலையைத் தொடும் பரப்பில் பட்டால் பிடிப்பு குறைந்து வழுக்கும்.