நல்ல நாளை நம்பி நடக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 47, எடை 84 கிலோ. ஆறு ஆண்டுகளாக இடுப்பு வலியும் முழங்கால் வலியும் இருக்கின்றன. எடையைக் குறைத்தால் வலி போய்விடும் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள். சென்ற மாதம் வலி சற்றுக் குறைந்திருந்த ஒரு நாள், துணிந்து ஒரு மணி நேரம் நடந்தேன். அடுத்த நான்கு நாட்கள் படுக்கையிலேயே கிடந்தேன். நடந்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, டாக்டர். எட்டு மாதங்களாக, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதன்பிறகு 5 கிலோ கூடிவிட்டது. அதை நிறுத்திவிடலாமா?

மருத்துவர் பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். பிரிகாபலின் சிலருக்கு எடையை ஏற்றும், காலில் வீக்கத்தையும் கொண்டுவரும். வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டைலினுக்கும், நீண்ட நாள் சாப்பிடும் ஸ்டீராய்டுக்கும்கூட எடையைக் கூட்டும் குணம் உண்டு. ஆனால் பிரிகாபலினைத் திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், குமட்டலும் பதற்றமும் வரும், வலியும் சீறிக்கொண்டு திரும்பலாம். மாதவாரியாக உங்கள் எடையைக் குறித்துக்கொண்டு போய், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கலாமா, மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாகத்தான் நிறுத்துவார்.

'எடையைக் குறையுங்கள்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிய பாவம் எனக்கும் உண்டு. நடக்கவே வலிக்கிறது என்று வந்தவரிடம் நடந்து எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்பது என்ன வைத்தியம்? இதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இப்போது இரண்டையும் பிரித்துத்தான் சொல்கிறேன்: உடற்பயிற்சி வலிக்காக, சாப்பாட்டில் மாற்றம் எடைக்காக.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அரை மணி நேரம் மிதமாக நடந்தால் 120 கலோரி செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ குறைய இரண்டு மாதத்துக்கு மேல் தினமும் நடக்க வேண்டும். உங்களால் இப்போது அரை மணி நேரமே முடியாது. ஆகவே நடையிடம் எடைக் குறைப்பைக் கேட்காதீர்கள். தசை வலுவாவதும், மூட்டு இலகுவாவதும், தூக்கம் சீராவதும், வலி மீதுள்ள பயம் குறைவதும் நடை தரக்கூடியவை.

மூட்டு தேய்ந்துவிடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். இதில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. திருடனைப் பார்த்துக் குரைக்க வேண்டிய நாய், வீட்டுக்காரர் நடந்தாலும் குரைக்கிற மாதிரி. குரைப்பு பொய்யல்ல, உங்கள் வலியும் பொய்யல்ல. ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் திருடன் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. மூட்டின் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அது அழுந்தி விரிவதால்தான் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. அளவான நடை அதைத் தேய்ப்பதில்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, காலில் புதிதாகப் பலவீனம், காய்ச்சலோடு முதுகு வலி, மூட்டு திடீரென்று சிவந்து வீங்குவது, காரணமே இல்லாமல் எடை சரிவது: இவற்றில் எது தெரிந்தாலும் இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் செய்த தவறு நடந்தது அல்ல, நல்ல நாளின் தெம்பை வைத்து நடந்தது. வலி குறைந்த நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்ப்பது, பிறகு நாலு நாள் முடங்குவது என்ற சுழற்சியில் தசை மேலும் மேலும் சோர்ந்துபோகிறது. அளவை மோசமான நாளிலிருந்து எடுங்கள். மூன்று நாட்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து, எத்தனை நிமிடத்தில் வலி ஏறத் தொடங்குகிறது என்று எழுதுங்கள். 9, 12, 9 என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 8 நிமிடம் என்று வையுங்கள். நல்ல நாளிலும் எட்டுதான், கெட்ட நாளிலும் எட்டுதான். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம்.

வழக்கமாக உங்கள் வலி பத்துக்கு நான்கு என்றால், நடந்தபின் ஆறு வரை போகலாம். மறுநாள் காலைக்குள் நான்குக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை (பிரிகாபலினைச் சொல்லவில்லை) போட்டுக்கொண்டு தினமும் நடக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

நடையோடு நாற்காலிப் பயிற்சியும் செய்யுங்கள். சுவரோரம் நகராதபடி போட்ட கெட்டியான நாற்காலியில், இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி இறங்குங்கள். முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். ஐந்து முறை போதும். நீச்சல் குளம் கிடைத்தால் மார்பளவு தண்ணீரில் நடப்பது இன்னும் சுகம். உடல் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும்.

இனி எடை. 84 கிலோவில் 5 சதவீதம் என்பது 4 கிலோ சொச்சம். அவ்வளவே போதும் முதல் கட்டத்துக்கு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை ஆராய்ந்ததில், 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைவதாகத் தெரிந்தது. தட்டில் மாவுச்சத்தையும் எண்ணெயையும் இனிப்பையும் குறைத்து, புரதத்தையும் காய்கறியையும் கூட்டுங்கள். பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும், அது உங்களுக்குக் கட்டாது. இன்னொன்று, வலியால் நடு இரவில் விழித்து, பசியே இல்லாமல் எதையாவது கொறிக்கிறீர்களா என்று பாருங்கள். என்னிடம் வருபவர்கள் இதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் வலியே இல்லாதது போல விடியும். அன்றைக்கும் எட்டு நிமிடம் முடிந்ததும் வீடு திரும்பிவிடுங்கள்.