கைத்தொழில் கேள்வி-பதில்: எண்ணாமல் விட்ட மணிகள்

வீடு வீடாகப் போய்ச் சில்லறைப் பழுது பார்ப்பதும் தோட்ட வேலை செய்து கொடுப்பதும்தான் 22 வருடமாக என் பிழைப்பு. இதே வேலையைச் சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்களும், தொடங்கிவிட்டுத் திணறுபவர்களும் எழுதிய கேள்விகளில் ஐந்து இங்கே.

கேள்வி: எனக்கு 41 வயது. 16 வருடம் பார்த்த தொழிற்சாலை வேலை போய்விட்டது. வீட்டில் எது பழுதானாலும் நானே சரிசெய்துவிடுவேன், தோட்ட வேலையும் தெரியும். கடன் வாங்கி பிரஷர் வாஷர், புல்வெட்டும் இயந்திரம், செயின் சா எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிவிட்டு இறங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தவணைத் தேதி நெருங்கும்போது எந்த வேலை வந்தாலும் எடுக்கத் தோன்றும். தெரியாத வேலையையும், கட்டுப்படியாகாத வேலையையும், ஊரின் அந்தப் பக்கத்து வேலையையும் எடுப்பீர்கள். இந்தத் தொழிலில் வழுக்கி விழுந்தவர்களை நான் பார்த்தவரை பெரும்பாலும் இப்படித்தான் விழுந்திருக்கிறார்கள்.

ஒரு நல்ல டிரில், ரசமட்டம், அளவு டேப், சுத்தியல், ரம்பம், உளி, ஸ்பேனர்கள், கூர் மழுங்காத கத்தரி, உறுதியான ஏணி. முதல் ஆறு மாதத்துக்கு இது போதும். மற்றதை வாடகைக்கு எடுங்கள், வாடகையை எஸ்டிமேட்டில் சேர்த்துவிடுங்கள். ஒரே இயந்திரத்தை மூன்றாவது தடவை வாடகைக்கு எடுக்கப் போகிறேன் என்றால், அதை வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

செயின் சாவை மட்டும் பயிற்சி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். சங்கிலி ஓடும் அதன் நீண்ட தகட்டின் நுனியில் மேல்பாகம் மரத்தில் பட்டால், கண் இமைக்கும் முன் முகத்தை நோக்கி உதறிக்கொண்டு வரும். கைக்கு எட்டும் கிளைகளுக்குக் கைரம்பமே போதும், ஆனால் மூன்று வெட்டாக வெட்டப் பழகுங்கள். முதல் வெட்டு அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம். இரண்டாவது அதற்கும் சற்று வெளியே, மேலிருந்து கீழாக. கிளை தன் பாரத்திலேயே முறிந்து விழும், பட்டை உரிந்துகொண்டு அடிமரம் வரை போகாது. மிச்சமிருக்கும் முளையை மூன்றாவது வெட்டில் எடுக்கும்போது, கிளை சேரும் இடத்தில் வளையம் போலப் புடைத்திருக்குமே, அதற்கு வெளியே வெட்டுங்கள். அழகாக இருக்கட்டும் என்று அந்தப் புடைப்பையும் சேர்த்து வழித்துவிட்டால் காயம் மூட வழியில்லை, அங்கேதான் அழுகல் இறங்கும். இதைத் தெரிந்து வெட்டுகிறவரை மரம் வளர்க்கும் ஆட்கள் விடமாட்டார்கள், அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள்.

கேள்வி: தோட்டப் பராமரிப்பும் சின்னச் சின்னப் பழுது வேலையும் தனியாளாகச் செய்கிறேன். எட்டு மாதமாகிறது. வேலைக்குக் குறைவில்லை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கூலியை எப்படி நிர்ணயிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. உழைப்பில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எண்ணாமல் விட்ட மணிகள்தான் உங்கள் பணத்தைத் தின்கின்றன.

ஒரே ஒரு வாரம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையில் கருவி இருந்த நேரத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். போகவர ஆன நேரம், வேலையைப் பார்த்துவிட்டு மட்டும் வந்த நேரம், சாமான் வாங்கக் கடையில் நின்றது, கத்தி தீட்டியது, எஸ்டிமேட் எழுதியது, பாக்கியைக் கேட்டு போன் செய்தது எல்லாவற்றையும் மறுபக்கம் எழுதுங்கள். நான் முதன்முதலாக இப்படி எழுதிப் பார்த்த வாரத்தில் 48 மணி நேரம் ஓடியிருந்தேன். காசு வந்தது 28 மணிக்கு. அதுவரை 48 மணிக்கும் கூலி வருவதாக நினைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். அதாவது கேட்க வேண்டியதில் பத்துக்கு ஆறு பங்கைத்தான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நோட்டைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 52 வாரம். மழை, காய்ச்சல், வேலையே வராத நாட்கள் எல்லாம் கழித்தால் 44 வாரம் நிற்கும் என்று வையுங்கள். வாரம் 28 மணி என்றால் 1,232 மணி. வீட்டுக்கு வருடத்துக்கு வேண்டிய தொகையோடு எரிபொருள், கருவித் தேய்மானம், காப்பீடு, வரி எல்லாவற்றையும் கூட்டி, 1,232-ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் ஒரு மணிக் கூலி. உங்கள் நோட்டில் 28-க்குப் பதில் வேறு எண் வந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வருகிற தொகையைப் பார்த்து முதலில் வாய் வராது. எனக்கும் வரவில்லை. சொல்லித்தான் பழக வேண்டும்.

அடுத்தது, ‘பத்து நிமிட வேலைதான்’ என்று கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் கதவு தரையில் உராய்கிறது, கொஞ்சம் இழைத்துவிடுங்கள் என்றார்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஆடியது. மேல் கீலில் மூன்று திருகில் இரண்டு பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றின. திருகைக் கழற்றி, ஓட்டையில் மரச்சிம்பைப் பசை தடவி அடித்து, நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கிவிட்டு, பசை பிடித்ததும் மறுபடி முடுக்கினேன். கதவு தானாக நிமிர்ந்துவிட்டது, இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதை அன்றைக்கு இழைத்திருந்தால், கீலை என்றைக்காவது யாராவது முடுக்கும்போது அடியில் வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சந்து நின்றிருக்கும்.

அந்த வேலைக்கு ஆனது 25 நிமிடம். போகவர 50 நிமிடம். அதனால் எவ்வளவு சின்ன வேலையானாலும் குறைந்தது ஒரு மணி நேரக் கூலி என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். ‘அந்த ஒரு மணிக்குள் முடிகிற வேறு வேலை இருந்தாலும் எழுதி வையுங்கள், பார்த்துக் கொடுக்கிறேன்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறவர்கூட ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பார். சொட்டும் குழாய், ஆடும் அலமாரி, மாட்டாமல் கிடக்கும் படம் என்று. இருவருக்கும் லாபம்.

புல்வெட்டுக்குத் தனியாக ஒன்று. இடுப்பளவு வளர்ந்துவிட்ட புல்லை வழக்கமான கூலிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அது வாடிப்போகும். அப்படிக் கிடப்பதைச் சில நாள் இடைவெளி விட்டுப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அந்த வெட்டுகளுக்குத் தனிக் கூலி, அதன்பிறகு மாதக் கூலி என்று பிரித்து எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் கையோடு சுவிட்சு மாற்ற, கேஸ் அடுப்பு இணைப்பு கொடுக்கக் கேட்கிறார்கள். யூடியூபைப் பார்த்துச் செய்யலாமா?

பதில்: கூடாது. இந்த வேலைகளுக்கு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கையான ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அவரும் உங்கள் எண்ணைக் கொடுப்பார். எனக்கு வருகிற வேலையில் ஒரு நல்ல பங்கு அப்படி வருவதுதான்.

கேள்வி: வேலையை முடித்த பிறகு, ‘இந்தக் கீறல் நீங்கள் வந்த பிறகுதான் விழுந்தது’ என்று சொல்லிப் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார் ஒருவர். இனி எப்படித் தப்பிப்பது?

பதில்: கருவியை வெளியே எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். வேலை செய்யப் போகும் இடத்தையும் சுற்றுப்புறத்தையும் நான்கைந்து படம் பிடித்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். பழைய கீறல் இருந்தால் அப்போதே காட்டுங்கள். என்னென்ன செய்வேன், எது இதில் சேராது, சாமான் யார் செலவு, பணம் எப்போது என்று நாலு வரி எழுதி, அவர் ‘சரி’ என்று பதில் அனுப்பிய பிறகு தொடங்குங்கள். பெரிய வேலை என்றால் சாமானுக்கான பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

தப்பு நம் பக்கம் என்றால் தள்ளிப்போடக் கூடாது. ஒரு வீட்டு மர மேடையை பிரஷர் வாஷரால் கழுவினேன். அதில் மாட்டும் நாசில்களுக்கு, அதாவது நீர் பாயும் முனைகளுக்கு, நீர் விரியும் கோணத்தைப் பொறுத்து நிறக் கணக்கு உண்டு. சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. எண் குறையக் குறைய நீர் ஊசியாகப் பாயும். சீக்கிரம் முடியட்டும் என்று மஞ்சளைப் போட்டுக் கிட்டத்தில் பிடித்தேன். ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காய்ந்ததும் மேடை முழுக்க நார் எழும்பி, கை வைத்தால் சிம்பு ஏறும் அளவுக்கு ஆகியிருந்தது. வீட்டுக்காரம்மா சத்தம்கூடப் போடவில்லை. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் முழங்காலில் உட்கார்ந்து என் செலவில் தேய்த்து, எண்ணெய் பூசிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் மரத்துக்கு வெள்ளை நாசில்தான், அழுத்தத்தைக் குறைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்து, காயவிட்டுப் பார்த்த பிறகுதான். அந்த வீட்டுக்கு இன்றும் நான்தான் போகிறேன்.

கேள்வி: என் கணவர் இந்தத் தொழிலைத் தொடங்கியிருக்கிறார். கூரையோரத்துத் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்யும் வேலைதான் அதிகம் வருகிறது. அவர் ஏணியில் ஏறும் நாளெல்லாம் எனக்கு மனசே நிற்பதில்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான் இது. இந்தப் பதிலை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

ஏணி சாயும் உயரத்தில் நாலில் ஒரு பங்கு, அடிக்கால் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். 4 மீட்டர் உயரத்தில் சாய்த்தால் 1 மீட்டர் தள்ளி. அதற்குக் குறைந்தால் ஆளோடு பின்னால் சாயும், கூடினால் அடி வழுக்கும். தண்ணீர்க் குழாயின் மேலேயே ஏணியைச் சாய்க்கக் கூடாது, அது ஆள் பாரத்தைத் தாங்கச் செய்ததில்லை. சுவரில் ஊன்றும் தாங்கி ஒன்றை ஏணித் தலையில் மாட்டிக்கொள்ளலாம். தொப்புள் ஏணியின் இரண்டு கால்களுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். இன்னும் ஒரு முழம்தானே என்று பக்கவாட்டில் எட்டுவதைவிட, இறங்கி ஏணியை நகர்த்துவது நல்லது. மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். காற்று வீசும் நாளிலும் ஈரத் தரையிலும் வேலையை ஒத்திப்போடலாம், வீட்டுக்காரர்களிடம் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

தனியாக ஏறவே வேண்டாம். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் இருக்கட்டும். செலவு கூடுமே என்பார். அந்த ஆளின் கூலியையும் சேர்த்தே எஸ்டிமேட் எழுதச் சொல்லுங்கள்.