தக்காளி பக்கெட்டுக்கு நார்க்கழிவா, களிமண் உருண்டையா?

வணக்கம் நண்பரே. மண்ணுக்குப் பதில் சுட்ட களிமண் உருண்டை போட்டு, மோட்டாரில் சத்துநீர் சொட்டவிட்டு பக்கெட்டில் தக்காளி வளர்க்கிறீர்கள். கரண்ட் போய் மோட்டார் நின்றால் செடி வாடுகிறது, தேங்காய் நார்க்கழிவுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். முழுவதும் மாற வேண்டாம். தூள் நார்க்கழிவு வடிந்து தொட்டிக்கு வந்து சொட்டுக் குழாயை அடைத்துவிடும். பாதி உருண்டை, பாதி தேங்காய் நார்த்துண்டு கலந்து போடுங்கள். அடியில் நான்கு விரல் உயரம் வெறும் உருண்டை.

கடலூர் வெயிலுக்கு நார்த்துண்டின் ஈரம்தான் வேரைக் காப்பாற்றும். ஆனால் அதில் உப்பு இருக்கும். ஊறவைத்த நீரின் ஈசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்), உங்கள் குழாய்த் தண்ணீர் அளவுக்கு இறங்கும்வரை அலசுங்கள். அப்புறம் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறட்டும். இதை நான் விட்டதில், லாஸ்பேட்டை மாடியில் முதல் காய்களெல்லாம் அடி கறுத்துப்போயின. நார் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் காய்க்குப் போதவில்லை. வெயிலில் வேர் சூடாகாமல் இருக்க, பக்கெட் வெள்ளை நிறம்தானே?