புடாபெஸ்டில் ஒரே ஒரு நாள்: வயதான அம்மாவும் குழந்தையும் உடன் வரும்போது எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வியன்னாவுக்கு வரும் தம் பெற்றோரையும் 8 வயது மகனையும் ஒரு நாள் புடாபெஸ்ட் அழைத்துச் செல்ல விரும்புவதாகவும், எந்த இடங்களைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்புவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய இதே நிலையில் நாங்கள் ஒரு ஜூன் மாதத்தில் அங்கே இருந்தோம்: நானும் என் மனைவியும், 9 வயது மகளும், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த, முழங்கால் வலியுள்ள என் 68 வயது அம்மாவும். அந்த அனுபவத்திலிருந்து நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: டான்யூப் ஆற்றை விட்டு விலகாதீர்கள். 1873 வரை புடா, ஓபுடா, பெஸ்ட் என்று தனித்தனி ஊர்களாக இருந்தவை ஒன்றாகிப் பிறந்த நகரம் அது; அதன் முக்கியமான இடங்கள் பலவும் ஆற்றின் இரு கரைகளிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

முதல் வேலையாக 24 மணி நேரப் பயணச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்து, டிராம், மெட்ரோ மூன்றிலும் அது செல்லும் என்பதால், அம்மா களைத்துப்போனால் அடுத்து வரும் வண்டியில் யோசிக்காமல் ஏறிவிடலாம்.

காலையில் கூட்டம் சேருவதற்கு முன் கோட்டைக் குன்றுக்குப் போய்விடுவது நல்லது. 1870-இல் தொடங்கிய, கம்பி வடம் இழுத்துச் செல்லும் சிறிய ரயில் அழகானதுதான்; ஆனால் அதற்கான வரிசையில் முதியவர்களை நிற்க வைப்பதைவிட, 16-ஆம் எண் பேருந்து குன்றின் உச்சிக்கே கொண்டுபோய் விடுவது மேல். இறங்கிச் சில அடிகள் நடந்தால் மத்தியாஸ் தேவாலயம். அதன் கூரையில் ஷோல்னாய் என்ற ஹங்கேரியப் பீங்கான் ஆலையின் பல வண்ணங்களில் பளபளக்கும் ஓடுகள் கட்டம் கட்டமாக வேயப்பட்டிருப்பதை அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பத்தமடைப் பாயை விரிச்சுப் போட்ட மாதிரில்லா இருக்கு" என்றார். எந்த வழிகாட்டியும் எனக்கு அந்தக் கூரையை அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. அதை ஒட்டியே மீனவர் கொத்தளம் இருக்கிறது. கோட்டை போலத் தோன்றினாலும் அது போருக்காகக் கட்டப்பட்டது அன்று. 1902-இல் கட்டி முடிக்கப்பட்ட பார்வை மாடம். அதன் ஏழு கோபுரங்கள் ஹங்கேரிய இனக்குழுக்களின் ஏழு தலைவர்களைக் குறிக்கின்றன. மேல்தளத்துக்குக் கட்டணம் கேட்டாலும், கீழ்த்தளத்திலிருந்தே ஆறும் எதிர்க்கரை நாடாளுமன்றமும் முழுமையாகத் தெரிவதால், படி ஏற முடியாதவர்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. அதே குன்றில் உள்ள அரண்மனைக்குள் இருக்கும் அருங்காட்சியகங்களை நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு நாளில் அவற்றுக்கு நேரம் ஒதுக்கினால் வேறு எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

அதே பேருந்தில் இறங்கிச் சங்கிலிப் பாலத்தின் புடா முனைக்கு வந்தோம். அந்தச் சதுக்கத்தின் பெயர் கிளார்க் ஆடம். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுபவர்கள் என்பதால், பாலம் கட்டும் பணியை நடத்திய ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஆடம் கிளார்க்கின் பெயரும் அங்கே அப்படியே மாறிவிட்டது. பாலத்தைக் கட்ட முன்னின்றவர் செச்செனி இஷ்த்வான் என்ற பிரபு. 1820-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தந்தை இறந்த செய்தி வந்தபோது, ஆற்றைக் கடக்க வழியில்லாமல் அவர் ஒரு வாரம் கரையிலேயே காத்திருக்க நேர்ந்தது என்றும், நிலையான பாலம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அதிலிருந்தே உறுதிப்பட்டது என்றும் சொல்வார்கள். 1849-இல் திறக்கப்பட்ட பாலத்தை 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. மீண்டும் கட்டி, முதல் திறப்புக்குச் சரியாக நூறு ஆண்டு நிறைந்த நாளில், 1949 நவம்பர் 20 அன்று, திறந்தார்கள். பாலத்தின் கல் சிங்கங்களுக்கு நாக்கே இல்லை என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. உண்மையில் நாக்கு இருக்கிறது. பற்களுக்குப் பின்னால் தாழ்ந்து கிடப்பதால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. என் மகள் அதைத் தேடிக்கொண்டே பாலத்தின் பாதி நேரத்தைக் கழித்தாள். உங்கள் மகனுக்கும் அந்த வேலையைக் கொடுங்கள்.

மதிய உணவைப் பற்றி, சைவம் உண்பவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 'ஃபோசெலேக்' என்று கேளுங்கள். பட்டாணி, பசலைக்கீரை, உருளைக்கிழங்கு போன்ற ஏதாவது ஒரு காய் அல்லது கீரையைக் கெட்டியாக வேகவைத்துத் தருவார்கள். நம் கூட்டுக்கு மிக நெருக்கமான பதார்த்தம் அது. மேலே முட்டையோ இறைச்சியோ வைத்துத் தருவது வழக்கம் என்பதால், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பன்றிக் கொழுப்பு சேர்த்துச் சமைத்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு, பெரிய பூரி போலப் பொரித்தெடுத்துப் பூண்டும் சீஸும் புளித்த பாலேடும் தடவித் தரும் லாங்கோஷ் நிச்சயம் பிடிக்கும்.

பெஸ்ட் கரையோடு ஓடும் 2-ஆம் எண் மஞ்சள் டிராமைத் தவற விடாதீர்கள். ஆற்றைப் பார்த்த பக்கத்து ஜன்னலில் முதியவர்களை உட்கார வையுங்கள். எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த ஒரு சிறுவன் தன் தந்தையை "அபா" என்று கூப்பிட, அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். ஹங்கேரிய மொழியில் தந்தைக்கு அதுதான் சொல். தமிழும் அதுவும் உறவு மொழிகள் அல்ல. ஆனால் 'ஹாஸ்' என்றால் வீடு, 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில் என்று, நம்மைப் போலவே சொல்லின் இறுதியில் உருபைச் சேர்த்துக்கொண்டு போகும் மொழி அது என்று நான் விளக்கியதும், அடுத்த நிறுத்தம் வரும்வரை அம்மாவும் பேத்தியும் அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

நாடாளுமன்றத்தின் உள்ளே போக வேண்டுமானால், நேரம் குறித்த சீட்டைச் சில நாட்களுக்கு முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். 268 மீட்டர் நீளமுள்ள கட்டடம். குவிமாடத்தின் உயரம் 96 மீட்டர். ஹங்கேரியர்கள் அந்நிலத்தில் குடியேறியதாகக் கொள்ளப்படும் 896-ஆம் ஆண்டை நினைவூட்டும் எண் அது. புனித இஷ்த்வான் பேராலயமும் அதே உயரம்தான். குவிமாடத்தின் கீழே, உச்சிச் சிலுவை சாய்ந்த நிலையில், ஹங்கேரிய மன்னர்கள் சூடிய புனித மணிமுடி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கர் கைக்குச் சென்ற அந்த முடி 1978-இல்தான் நாடு திரும்பியது. அவை அரங்குக்கு வெளியே, உறுப்பினர்கள் சுருட்டை அணைக்காமல் வைத்துவிட்டு உள்ளே போவதற்காக எண்ணிட்ட பித்தளைத் தாங்கிகள் வரிசையாக இருப்பதைக் குழந்தைக்குக் காட்டுங்கள்.

வெளியே வந்து ஆற்றங்கரையோடு தெற்கே சற்றுத் தூரம் நடந்தால், கரையின் விளிம்பில் 60 ஜோடி இரும்புக் காலணிகள் இருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகளின் கூட்டாளிகளான ஹங்கேரிய அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அவர்களின் நினைவாக 2005-இல் அமைக்கப்பட்டவை. குழந்தையை அங்கே அழைத்துப் போகலாமா என்று நானும் என் மனைவியும் முந்தைய நாள் இரவு நெடுநேரம் பேசினோம். போகலாம் என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் என்ன சொல்வது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலணிகளில் சில மிகச் சிறியவை. ஒன்றின் உள்ளே யாரோ ஒரு மிட்டாயும் வாடிய ரோஜாவும் வைத்திருந்தார்கள். அம்மா ஒன்றும் கேட்காமல் தம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெயிலில் சுட்ட கல்லின்மேல் வெறுங்காலோடு நின்றார். மகள் ஆச்சியைப் பார்த்துத் தானும் கழற்றினாள். "எதுக்குப்பா ஷூவைக் கழட்டச் சொன்னாங்க?" என்று பிறகுதான் கேட்டாள். காலணிக்கு அந்த நாட்களில் விலை இருந்தது என்று சொன்னேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குப் பிறகு வேறு எந்த இடத்தையும் அவசரமாகச் சேர்க்காமல், நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நீங்களும் அந்த இடைவெளியைத் திட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர்க் குளியல் இல்லங்களுக்கு அரை நாள் வேண்டும் என்பதால் அவற்றை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடலாம். மாலையில், நாடாளுமன்றத்தின் அருகிலிருந்தே 2-ஆம் மெட்ரோவில் ஏறி, ஆற்றுக்கு அடியில் ஒரே நிறுத்தம் கடந்து பாட்யானி சதுக்கத்தில் இறங்குங்கள். அங்கே நகரும் படிக்கட்டு நீளமானது, வேகமும் அதிகம். முதியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். எதிர்க்கரையில் நாடாளுமன்றத்தின் விளக்குகள் எரியத் தொடங்கியபோது, எல்லோரும் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, மகள் மட்டும் கட்டடத்துக்கு வலப்புறம் கரையின் இருண்ட பகுதியைக் காட்டி, "ஆச்சி, அந்த ஷூவெல்லாம் அங்கதானே இருக்கு?" என்று கேட்டாள். அம்மா ஆமாம் என்று தலையசைத்தார். அதே மெட்ரோ வழி, வியன்னா ரயில் புறப்படும் கெலெட்டி ரயில் நிலையத்துக்கு நேராகப் போவதால், திரும்பும்போது எங்கும் மாற வேண்டியதில்லை.