'5 டன்' பெல்ட் உண்மையில் எவ்வளவு தாங்கும்?

கேள்வி: பெங்களூரில் பழைய பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்கியிருக்கிறேன். எஞ்சின் ஓடாது. நண்பரின் டிரெய்லரில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும். ஆன்லைனில் '5 டன்' என்று போட்ட ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) பல விலைகளில் கிடைக்கிறது. எங்கள் ஊர்க் கடைக்காரரோ, நைலான் கயிறே போதும், எல்லோரும் அதில்தான் கட்டுகிறார்கள் என்கிறார். எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது?

பதில்: கயிறு வேண்டவே வேண்டாம். முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு ஏறத்தாழ பாதி பலத்தை இழந்துவிடும். நைலானுக்கு இழுபடும் குணமும் உண்டு. கிளம்பும்போது விறைப்பாக இருந்த கட்டு, ஒரு மழை நனைந்ததும் தொய்ந்து நிற்கும்.

50 மி.மீ. அகலமுள்ள பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட் நான்கு வாங்குங்கள். 25 மி.மீ. பெல்ட் மோட்டார் சைக்கிளுக்குச் சரி, காருக்கு ஆகாது.

இனி அந்த '5 டன்' விஷயம். பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண், பெரும்பாலும் பெல்ட் அறுந்துபோகும் எடையாக இருக்கும். இல்லையென்றால், பெல்ட்டைப் பொருளைச் சுற்றி இரட்டையாகப் போட்டால் தாங்கும் எடை. நீங்கள் கட்டப்போவதோ ஒற்றையாக, கொக்கிக்குக் கொக்கி நேராக. அதற்கான எண் பெல்ட்டில் தைத்திருக்கும் சின்ன லேபிளில்தான் இருக்கும். ஐரோப்பியத் தரத்தில் செய்த பெல்ட்டில் எல்.சி. (கட்டும்போது தாங்கும் திறன்) என்று போட்டு, டெக்காநியூட்டன் என்ற விசை அளவுக் கணக்கில் எழுதியிருப்பார்கள். ஒரு டெக்காநியூட்டனை ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்.சி. 2500 என்றால் நேராகக் கட்டும்போது இரண்டரை டன். பாலியெஸ்டர் பெல்ட்டுக்கு லேபிள் நீல நிறத்தில் இருக்கும். அமெரிக்க முறையில் டபிள்யூ.எல்.எல். (பாதுகாப்பாக ஏற்றக்கூடிய எடை) என்று போடுவார்கள், அது அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, 5 டன்னில் அறுபடும் பெல்ட்டை நம்பி ஏற்றக்கூடியது ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். லேபிளே இல்லாத பெல்ட் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

பத்மினி சுமார் 900 கிலோ. சடாரென்று பிரேக் அடித்தால், வண்டி எடையில் 80 சதவீதம் முன்னோக்கித் தள்ளும் என்று வைத்துக் கணக்குப் போடுவது ஐரோப்பாவில் வழக்கம். பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாதி எடை. உங்கள் காருக்கு முன்னோக்கி 720 கிலோ வருகிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவை பின்பக்கத்து இரண்டு பெல்ட்டுகள். பெல்ட் சரிவாக நிற்பதால் அதன் முழு பலமும் இந்த இழுவைக்குக் கிடைக்காது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சி வேறு. நீங்கள் வரும் வழியில் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் ஓடி எத்தனை விபத்துகள் நடந்த இடம் என்று உங்களுக்கே தெரியும். அந்த இறக்கத்தை மனதில் வைத்து வாங்குங்கள், எல்.சி. 2500 என்பது அதிகப்படி அல்ல.

ஏற்றும்போது எஞ்சின் பக்கம் முன்னால் இருக்கட்டும். டிரெய்லரும் காரும் சேர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும். அதற்கும் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் இடம் வலமாக ஆட ஆரம்பிக்கும். மிக அதிகமானால் இழுக்கும் வண்டியின் பின்புறம் அமுங்கி, ஸ்டீயரிங் பிடி இளகிவிடும். காரை ஓரடி முன்னே பின்னே நகர்த்தினாலே இது மாறும். சரியான இடம் கிடைத்ததும் முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பழைய பத்மினியின் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது.

கட்ட வேண்டியது சக்கரத்தை, பாடியை அல்ல. பாடியில் கட்டினால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தொய்யும், அந்த நொடியில் கொக்கி கழன்றுகொள்ளும். சக்கரத்தைப் பிடித்துவிட்டால் மேலே கார் ஆடினாலும் கட்டு அசையாது. டயர் மேல் போடும் வீல் ஸ்ட்ராப் தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், பின்பக்கம் ஆக்சில் குழாயைச் சுற்றிப் போடலாம். ஆனால் படுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்: அந்தக் குழாயை ஒட்டியே பிரேக் பைப் ஓடுகிறது. பெல்ட் அதன் மேல் இறுகினால் பைப் நசுங்கிவிடும். முன்பக்கம் ஸ்டீயரிங் ராடுகளில் எதையும் மாட்டாதீர்கள். பம்பரில் கட்டவே கூடாது. இழுத்துச் செல்லும் டோ ஹூக் நேராக இழுக்கத்தான், கீழ்நோக்கி இறுக்க அல்ல.

முன் பெல்ட் இரண்டும் முன்னோக்கி, பின் பெல்ட் இரண்டும் பின்னோக்கி இழுக்க வேண்டும். பின் பெல்ட்டுகளைக் குறுக்காக, இடது சக்கரத்திலிருந்து டிரெய்லரின் வலது வளையத்துக்கு, வலதிலிருந்து இடதுக்குக் கட்டினால் கார் பக்கவாட்டில் நகராது. முதலில் கையால் தளர்வை முழுக்க இழுத்துவிடுங்கள். அப்புறம் ராட்செட்டில் இரண்டு மூன்று சுற்று விழும்வரை இறுக்கினால் போதும். மிச்சமுள்ள வாலைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், அது டயரில் சிக்கினால் வம்பு.

ஓசூர் வருவதற்குள் ஒருமுறை நிறுத்தி நான்கையும் தொட்டுப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கிருஷ்ணகிரியில் ஒருமுறை, தொப்பூர் இறங்கும் முன் இன்னொருமுறை.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். நண்பரின் டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். காரின் ஆர்.சி.யோடு கர்நாடக ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யையும் (தடையில்லாச் சான்று) விற்பவரிடம் இப்போதே கேளுங்கள். பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ராட்செட் பெல்ட்டில் லேபிளே இல்லை. 'பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது' என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது?

பதில்: அவர் அப்படிச் சொல்ல முடியாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தில் 'எல்.சி. 2500' போல எதையாவது சொல்லியிருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளை அந்தப் பக்கம் மாறிவிடலாம். லேபிள் இல்லாத பெல்ட்டை முழு நீளத்துக்கும் படம் எடுங்கள். பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் அதில் இல்லையென்றால் அதுவே தனிக் குற்றம். இவற்றோடு முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பணம் திரும்ப வரும்வரை அந்த பெல்ட்டில் எதையும் கட்ட வேண்டாம்.