ஷாட்கன் குழலைக் குறுக்கலாமா? கேள்வி பதில்

ஓஹையோவில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்புக் கடையில் வேலை செய்கிறேன். ஷாட்கன் (ஒரு தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளை, அதாவது ரவைகளை, சிதறடிக்கும் துப்பாக்கி) குழலை வெட்டிக் குறுக்குவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். நான் சொல்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். உங்கள் மாநிலச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

கேள்வி (டல்லாஸ்): என்னிடம் மாஸ்பெர்க் 500 பம்ப் ஷாட்கன் இருக்கிறது, 28 அங்குலக் குழல். கடையில் முறைப்படி வாங்கிப் பதிவானது. வீட்டிலேயே நானே வெட்டலாமா?

முதலில் அந்தப் பதிவு விஷயம். கடையில் நீங்கள் நிரப்பிய 4473 படிவம் பின்னணிச் சோதனைக்கானது. குட்டைக் குழலுக்கான பதிவு 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருவது. அது வேறு. ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருப்பதாக நினைத்துப் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

குழல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையாதவரை, கூட்டாட்சிச் சட்டம் உரிமையாளரே வெட்டுவதைத் தடுக்கவில்லை. இரண்டில் எது குறைந்தாலும் அது குறுங்குழல் ஷாட்கன் ஆகிவிடும். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை.

அளவெடுக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் பகுதி) மூடி, குழல் முனை வழியாக ஒரு குச்சியை உள்ளே விட்டு, போல்ட் முகத்திலிருந்து முனை வரை அளப்பார்கள். திருகிக் கழற்றக்கூடிய சோக்கின் (ரவை பரவாமல் இருக்கக் குழல் முனையைக் குறுக்கும் பகுதி) நீளம் கணக்கில் சேராது. சரியாக 18-இல் வெட்டினால், முனையைச் சமன்செய்யும்போது அதிலும் கொஞ்சம் போய்விடும். பல கம்பெனிகள் 18.5 அங்குலத்தில் குழல் விற்பதற்கு இந்தக் கூடுதல் இடைவெளியும் ஒரு காரணம்.

ஆனால் உங்களுக்கு என் பதில்: வெட்டாதீர்கள். மாஸ்பெர்க் 500-க்குக் குட்டைக் குழல் தனியாகவே கிடைக்கிறது. முன்னால் இருக்கும் திருகைக் கழற்றினால் பழைய குழல் வந்துவிடும், புதியதை மாட்டலாம். 28 அங்குலக் குழலை வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழக வைத்துக்கொள்ளுங்கள். ரெமிங்டன் 870-க்கும் இதே வழிதான். வெட்டிய குழலை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

கேள்வி (மிச்சிகன்): வாத்து வேட்டையில் குழல் முனையில் சேறு அடைத்தது தெரியாமல் சுட்டுவிட்டேன். முனைக்கு இரண்டு அங்குலம் கீழே வளையம்போல வீங்கியிருக்கிறது. இதையாவது வெட்டலாம் அல்லவா?

குழலைக் குறுக்குவதற்கு நியாயமான காரணம் என்றால் இதுதான். முதலில், அந்தத் துப்பாக்கியை இனி சுடாதீர்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரியும், அதன் பக்கத்தில் ஓடும் மயிரிழை விரிசல் தெரியாது. கன்ஸ்மித் (துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்) அதைச் சோதித்துவிட்டு, வீக்கத்துக்கு நன்றாகக் கீழே வெட்டுவார். 28 அங்குலம் 24 அல்லது 22 ஆகலாம். சட்டப்படி அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் சோக்கில்தான். நிலையான சோக் உள்ள குழலில் கடைசி இரண்டு மூன்று அங்குலம்தான் உள்ளே குறுகியிருக்கும். 12 போர் (குழல் அகலத்தின் ஒரு வழக்கமான அளவு) குழலின் உள்விட்டம் சுமார் 0.729 அங்குலம். மிக இறுக்கமான வகையான ஃபுல் சோக் அதை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 35 பங்கு அளவுக்கு இறுக்கும். அந்தப் பகுதியை வெட்டினால் குழல் வெறும் சிலிண்டர், அதாவது முனையில் குறுகலே இல்லாத குழல். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் 70 சதவீத ரவையை வைக்கும் என்பது வழக்கமான கணக்கு. சிலிண்டரில் அது ஏறக்குறைய 40 சதவீதம். உயரத்தில் பறக்கும் வாத்துக்கு அது போதாது, காயம்பட்டுத் தப்பிப்போகும். குழல் சுவரில் போதிய தடிமன் இருந்தால் உள்ளே மரை வெட்டித் திருகு சோக் போடலாம். மெல்லிய குழலில் அது ஆபத்து. தடிமனை அளக்காமல் "போட்டுவிடலாம் சார்" என்று சொல்லும் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரட்டைக் குழல் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். பக்கவாட்டு இரட்டைக் குழலை வெட்டினால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம் முனையில் திறந்துகொள்ளும். அதை அடைத்து, குழல்களை இணைக்கும் பட்டையை மறுபடி ஈயப்பற்று வைத்து ஒட்ட வேண்டும். வீட்டில் செய்யும் வேலை இல்லை இது. டமாஸ்கஸ் குழல் (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் செய்த பழைய குழல்) என்றால் வெட்டவும் வேண்டாம், இன்றைய தோட்டா போட்டுச் சுடவும் வேண்டாம்.

கேள்வி (அட்லாண்டா): குறுங்குழல் ஷாட்கன் செய்யக் கட்ட வேண்டியிருந்த 200 டாலர் வரியை எடுத்துவிட்டார்களாமே, அப்படியென்றால் இனி 14 அங்குலத்துக்கு வெட்டலாமா?

வரிதான் போனது. 2026 ஜனவரி 1 முதல் குறுங்குழல் ஷாட்கன்னுக்கு வரி பூஜ்யம். பதிவு அப்படியே இருக்கிறது. படிவம் 1 (செய்வதற்கு முன் அனுமதி கேட்கும் விண்ணப்பம்), கைரேகை, புகைப்படம், உள்ளூர்க் காவல் தலைமைக்குத் தகவல், அனுமதி வந்த பிறகு துப்பாக்கியில் உங்கள் பெயரும் ஊரும் பொறிப்பது, எல்லாம் உண்டு. அனுமதி கையில் வந்த பிறகுதான் ரம்பம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் சாதாரண ஆளுக்கு அந்த வழியும் கிடையாது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): கடையிலேயே 14 அங்குலக் குழலுள்ள மாஸ்பெர்க் ஷாக்வேவ் துப்பாக்கி விற்கிறார்கள். அதே நீளத்துக்கு என்னுடையதை வெட்டினால் மட்டும் ஏன் தப்பு?

ஷாக்வேவ் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தோள்கட்டை இல்லாமல் வருகிறது, மொத்த நீளமும் 26 அங்குலத்துக்கு மேல். தோளில் வைத்துச் சுடுவதற்காகச் செய்யப்படாததால், கூட்டாட்சிச் சட்டத்தின் கணக்கில் அது ஷாட்கன்னே இல்லை. உங்களுடையது ஷாட்கன்னாகப் பிறந்தது. கட்டையைக் கழற்றினாலும் அப்படித்தான். ஷாக்வேவில் தோள்கட்டை மாட்டினாலும் குற்றம்தான்.

கேள்வி (ஹூஸ்டன்): குழல் குட்டையானால் ரவை அகலமாகப் பரவும், வீட்டுப் பாதுகாப்புக்குக் குறி பார்க்கவே வேண்டாம் என்கிறார்களே?

தவறு. பரவலைத் தீர்மானிப்பது சோக்கும் தோட்டாவும். நீளம் இல்லை.

அதே நண்பர்: என் நண்பர் வெட்டிய பிறகு அகலமாகத்தான் விழுந்தது.

வெட்டும்போது சோக்கும் போனதுதான் காரணம். 28 அங்குலக் குழலில் சிலிண்டர் சோக் மாட்டி, 18.5 அங்குல சிலிண்டர் குழலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே தோட்டா, ஒரே தூரம், பெரிய காகிதம். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வேறொருவர் (சான் ஹோசே): வேகம் பாதியாகிவிடும், அதனால் பரவும் என்று படித்தேன்.

பாதியாகாது. ஓர் அங்குலம் குறைந்தால் விநாடிக்குச் சுமார் 5 முதல் 10 அடி வேகம் குறையும் என்பது பொதுக் கணக்கு. தோட்டாவின் வேகம் 1200 அடி அளவில் இருக்கும்போது 10 அங்குலம் வெட்டினாலும் நூறு அடிக்குள்தான் போகும். சத்தமும் தீப்பொறியும் உதையும்தான் கூடும்.

ஹூஸ்டன் நண்பர் மறுபடி: அறைக்குள் எப்படியும் பரவுமே?

எவ்வளவு? ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறைக் கதவு வரை ஐந்து கஜம், ஐந்து அங்குலம். அது ஒரு சோற்றுத்தட்டைவிடச் சின்னது. குறி தப்பினால் அத்தனையும் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குள் போகும், அங்கே உங்கள் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். குறி பார்க்க வேண்டாம் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். இதை இதோடு நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி (டெலவேர்): இந்த 18 அங்குல விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதா?

போனது. ஜாக் மில்லர், ஃபிராங்க் லேட்டன் என்ற இருவர், பதிவு செய்யாத, 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள 12 போர் இரட்டைக் குழலை ஓக்லஹோமாவின் கிளேர்மோரிலிருந்து ஆர்கன்சாவின் சைலோம் ஸ்பிரிங்ஸுக்குக் கொண்டுபோனதாக வழக்கு. 1939 மே 15 அன்று தீர்ப்பு. இப்படிப்பட்ட ஆயுதத்துக்கும் குடிப்படைக்கும் (சாதாரணக் குடிமக்களைக் கொண்ட படை) நியாயமான தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. மில்லர் தரப்பில் வாதாட யாருமே வரவில்லை. தீர்ப்புக்கு முன்பே மில்லர் சுடப்பட்டு இறந்திருந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை குட்டைக் குழல் வின்செஸ்டர் 1897-ஐப் பதுங்குகுழிச் சண்டைக்குக் கொண்டுபோனதே என்று நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் வாதம் சூடுபிடித்திருக்கும். ஆனால் அந்தக் குழல் 20 அங்குலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி (சியாட்டில்): எச்-1பி விசாவில் இருக்கிறேன், நானும் வெட்டலாமா?

வெட்டுவது இருக்கட்டும், வைத்திருக்கவே தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்ட பிறகு துப்பாக்கியைத் தொடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): தாத்தாவின் டி.பி.பி.எல். (இரட்டைக் குழல் துப்பாக்கி) என்னிடம் இருக்கிறது, என் பெயருக்கு உரிமம் மாறிவிட்டது. முனை நெளிந்திருக்கிறது, ஓர் அங்குலம் எடுத்தால் போதும்.

ஓர் அங்குலமும் எடுக்காதீர்கள். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறுக்குவதையே தடுக்கிறது. எத்தனை அங்குலம் மிஞ்சுகிறது என்ற கேள்வியே அதில் இல்லை. உங்களிடம் இருப்பது வைத்திருக்கும் உரிமம் மட்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஊர்ப் பட்டறையில் கொடுத்தால் அவரும் உங்களோடு சேர்ந்து உள்ளே போவார்.

கேள்வி (டொராண்டோ, லண்டன் நண்பர்கள்): எங்கள் ஊரில்?

கனடாவில் வெட்டி 457 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். பிரிட்டனில் 24 அங்குலத்துக்குக் கீழே குறுக்குவது குற்றம்.

கேள்வி (சார்லட்): வரி பூஜ்யம் என்றால் பதிவு எதற்கு?

மேலே அட்லாண்டா நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் அதே பதில்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஏற்கெனவே 17 அங்குலத்துக்கு வெட்டிவிட்டேன். இப்போது படிவம் 1 போடலாமா?

போட முடியாது. அது செய்வதற்கு முன் வாங்கும் அனுமதி. இங்கே மேலும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

கேள்வி (கொலம்பஸ்): என்னுடையது ஒற்றைக் குழல் மடிப்புத் துப்பாக்கி (குழலை மடித்துத் தோட்டா போடுவது). குழல் 18.5, கட்டையையும் கொஞ்சம் குறைக்கலாமா?

கவனம். மடிப்புத் துப்பாக்கியில் பம்ப் ஷாட்கன் மாதிரி நீளமான ரிசீவர் (குழலுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள உலோகப் பகுதி) கிடையாது. கட்டையைக் குறைத்தால் மொத்தம் 26 அங்குலத்துக்குக் கீழே சட்டென்று இறங்கிவிடும். குழல் சரியாக இருந்தும் குற்றமாகிவிடும். பையனுக்குத் தோளில் பொருந்தவில்லை என்றால் சிறுவர் அளவுக் கட்டை ஒன்றை வாங்கி, மாட்டி, மொத்த நீளத்தை அளந்து பாருங்கள். பழைய கட்டையைத் தூக்கிப்போடாதீர்கள். இரண்டு வருடத்தில் பையன் வளர்ந்துவிடுவான்.